யூரியா மேல் போட்ட கேஸ்

என் பெரியப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். போன மாதம் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்து, "பாரு தம்பி, உள்ளே போகும்போது யூரியா 148, வெளியே வரும்போது 52. நல்லாத்தானே இறங்குது? டாக்டர்கிட்ட பேசி ரெண்டரை மணி நேரமா குறைச்சுக்கலாமா?" என்று கேட்டார். அதே மூச்சில், ராத்திரியெல்லாம் அரிப்பு, தூக்கமே இல்லை என்றும் சொன்னார்.

நம்பர் நல்லா இருக்கு, ஆள் நல்லா இல்லை. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு இது பழகிய காட்சிதான். டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும். கஸ்டமர் ஃபோனில் கத்திக்கொண்டிருப்பார். அப்போ இந்த யூரியா என்கிற நம்பர் உண்மையில் எதை அளக்கிறது? தேட ஆரம்பித்தேன். இருநூறு வருஷத்துக் கதை ஒன்று கிடைத்தது.

1821இல் ஜெனீவாவில் பிரெவோ, டூமா என்ற இருவர் விலங்குகளின் சிறுநீரகங்களை எடுத்துவிட்டு ரத்தத்தைச் சோதித்தார்கள். யூரியா சேர்ந்துகொண்டே போனது. யூரியாவை உருவாக்குவது சிறுநீரகம் அல்ல, அது வெளியேற்றும் வேலையைத்தான் செய்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. 1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடம்பு வீங்கி வரும் நோயாளிகளுக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதை எழுதினார். அவருடைய லேப் என்ன தெரியுமா? ஒரு ஸ்பூனும் மெழுகுவர்த்தியும். சிறுநீரைச் சுட வைத்தால் அதிலுள்ள புரதம் திரிந்து நிற்கும். இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்திலும் யூரியா அதிகமாக இருப்பது சீக்கிரமே தெரியவந்தது. 1840களில் பியோரி என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த நிலைக்கு 'யுரேமியா' என்று பெயரும் வைத்துவிட்டார். ரத்தத்தில் சிறுநீர் என்று அர்த்தம்.

ஆக, சம்பவ இடத்தில் யூரியா இருந்தது. கேஸ் முடிந்ததா? இல்லை. விலங்குகளுக்கு யூரியாவை ஊசியில் ஏற்றிப் பார்த்தால் அவை யுரேமியாவில் விழவில்லை. 1851இல் ஜெர்மனியின் ஃப்ரெரிக்ஸ், யூரியா நேரடி விஷம் இல்லை, ரத்தத்தில் அது அம்மோனியம் கார்பனேட்டாக மாறித்தான் கொல்கிறது என்றார். அந்த விளக்கமும் நிற்கவில்லை. ஆனாலும் யூரியாவை யாரும் விடவில்லை. காரணம் எளிது: அது நிறைய இருக்கும், அளப்பதும் சுலபம்.

1945இல் நெதர்லாந்தின் கம்பென் ஊரில் வில்லெம் கோல்ஃப் ஒரு விஷயத்தை நிரூபித்தார். சாசேஜ் உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை உருளையில் சுற்றி அவர் செய்த இயந்திரம், நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண்ணைப் பிழைக்க வைத்தது. அவர் பதினேழாவது நோயாளி. அந்தக் குழாயின் நுண்துளைகள் வழியே யூரியா மட்டும் வெளியே போகவில்லை, சின்னச் சின்ன மூலக்கூறுகள் எத்தனையோ போயின. அதில் எது போனதால் அந்த அம்மா கண் திறந்தார்?

யூரியா மட்டும் இல்லை என்பதற்கு நேரடியான சோதனை 1972இல் மேயோ கிளினிக்கில் நடந்தது. டயாலிசிஸ் திரவத்திலேயே யூரியாவைக் கலந்துவிட்டார்கள். மற்ற கழிவெல்லாம் வெளியேறும், யூரியா மட்டும் உடம்பில் உயர்ந்தே இருக்கும். அளவு ரொம்ப ஏறியபோதுதான் தலைவலி, குமட்டல் மாதிரி உபாதைகள் வந்தன. யுரேமியாவின் முழு உருவம் திரும்பி வரவில்லை. யூரியா அக்மார்க் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அதிலிருந்து பிறக்கும் சயனேட் புரதங்களைக் கெடுக்கும் என்று இப்போது தெரியும். ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை.

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் சியாட்டிலில் இருந்தது. அங்கே ஸ்கிரிப்னர் ஒரு வினோதத்தைக் கவனித்தார். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்கு யூரியா கூடுதலாக இருந்தும் நரம்புப் பாதிப்பு குறைவு. யூரியாவைவிடப் பெரிய மூலக்கூறுகள் மெதுவாகத்தான் வெளியேறும், அவற்றுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது. 1985இல் ஜப்பானில் அப்படி ஒன்று கையும் களவுமாகச் சிக்கியது. பல வருஷம் டயாலிசிஸில் இருப்பவர்களின் மூட்டிலும் மணிக்கட்டிலும் படிவது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று கண்டுபிடித்தார்கள். யூரியாவின் எடை 60 டால்டன், இதன் எடை சுமார் 11,800.

இன்னொரு வகை இதைவிடக் கில்லாடி. இண்டாக்ஸில் சல்ஃபேட் அளவில் சின்னதுதான். ஆனால் ஆல்புமின் என்ற பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும். பஸ் கேட்டுக்குள் நுழையாது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பயணியும் இறங்க மாட்டார் என்கிற கதை. இதன் மூலப்பொருள் வருவது நம் பெருங்குடல் பாக்டீரியாக்களிடமிருந்து. பெருங்குடல் அகற்றப்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளிடம் இது மிகக் குறைவு என்று 2011இல் காட்டினார்கள். 2003இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் போட்ட பட்டியலில் இப்படி 90 பொருட்கள், அதில் 25 புரதத்தோடு ஒட்டுபவை.

இவ்வளவுக்குப் பிறகும் டயாலிசிஸ் போதுமா என்று பார்க்க முதலில் எடுப்பது யூரியா கணக்குதான். அது தப்பும் இல்லை. அந்தக் கணக்கு தேவைக்குக் கீழே போனால் நோயாளிக்கு ஆபத்து. ஆனால் அதை மேலும் மேலும் உயர்த்தினால் ஆயுள் கூடுமா? 1,846 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஹீமோ ஆய்வு, குறிப்பிடும்படி கூடவில்லை என்று 2002இல் சொன்னது. பாஸ் மார்க் வாங்க யூரியா போதும். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

பெரியப்பாவிடம் இதைச் சுருக்கிச் சொன்னேன். "யூரியா முதல்ல ஓடிடும் பெரியப்பா. மத்ததெல்லாம் மெதுவா கிளம்புற கூட்டம். அதுக்குத்தான் அந்த நாலு மணி நேரம்." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அரிப்பு?" என்றார். அதற்கு ஒரே ஒரு பொருளைக் காரணமாகக் காட்ட முடியாது. பாஸ்பரஸிலிருந்து நரம்பு வரை சந்தேகப் பட்டியல் நீளம். ரிப்போர்ட்டில் நம்பர் நன்றாக இருக்கிறது என்று அதைச் சொல்லாமல் விடாதீர்கள், டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள் என்றேன். போன வாரம் சொல்லியிருக்கிறார். நாலு மணி நேரம் அப்படியே தொடர்கிறது.