டைட்டனின் இரண்டாவது உருளை

பயணிகளை டைட்டானிக் கிடக்கும் ஆழத்துக்கு ஏற்றிச் சென்ற டைட்டன் நீர்மூழ்கிக்கு முதலில் வேறோர் உருளை உடல் இருந்தது. அதை ஒலியலையால் சோதித்துப் பார்க்கச் சொன்ன தன் ஊழியர் டேவிட் லாக்ரிட்ஜை 2018-இல் டைட்டனை இயக்கிய நிறுவனம் வேலையைவிட்டு நீக்கியது. மறு ஆண்டே அதில் விரிசல் தெரிந்தது, கழித்துவிட்டார்கள்.

அடுத்த உருளை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உருவானது. பிசின் தோய்ந்த கார்பன் நாரை ஓர் அங்குலக் கனத்துக்குச் சுற்றி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகவைத்து, அதன்மேல் பசை விரித்து அடுத்ததைச் சுற்றினார்கள். இப்படி ஐந்து அடுக்குகள். இறுகும்போது எழுந்த சுருக்கங்களை அரைத்துச் சமமாக்கினார்கள். இரு முனைகளிலும் டைட்டானியம் வளையங்களை ஒட்டினார்கள்.

கார்பன் நார் இழுத்தால் அபாரமாகத் தாங்கும். ஆனால் கடலடியில் நீர் இழுப்பதில்லை, நசுக்குகிறது. டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தில் அந்த நெருக்கல் நாம் சுமக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 380 மடங்கு. அப்போது மயிரிழை நார்கள் மடங்காமல் பிடித்துவைப்பது பிசின்தான். பிசினுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அவ்விடத்து நாருக்குத் துணை இல்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் சேதம் சிறிது வளரலாம், வெளிப்புறம் பளபளப்பாகவே இருக்கும். எஃகு எத்தனை முறை தாங்கும் என்பதற்கு நீண்ட அனுபவக் கணக்கு உண்டு. மனிதரை ஏற்றி அந்த ஆழம் போகும் கார்பன் உருளைக்கு அது இல்லை. பயணிகளை ஏற்றுமுன் அந்தக் கணக்கைத் தேடியிருக்க வேண்டும்.

2022 ஜூலை 15 அன்று, டைட்டன் 80-ஆவது முறை இறங்கி மேலே வந்தபோது உருளையிலிருந்து பலத்த ஓசை கேட்டது. சட்டகத்தில் உடல் நகர்ந்து அமர்ந்த சத்தம் என்று விளக்கம் தந்தார்கள். உருளை எவ்வளவு நெளிகிறது என்று அளக்க அதன் மேல் ஒட்டியிருந்த திரிபுமானிகளோ அன்றுமுதல் வேறு விதமாக அளவு காட்டின. எச்சரிக்கை பதிவாகியே இருந்தது. அதைப் படித்து உருளையை நிறுத்துபவர்தான் இல்லை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நியூஃபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகரில், வண்டி நிறுத்துமிடத்தில் திறந்தவெளிப் பனியில் டைட்டனை விட்டுவைத்தார்கள்.

2023 ஜூன் 18 அன்று ஐந்து பேரோடு இறங்கியது. அவர்களில் ஒருவருக்கு வயது 19. இரண்டு மணி நேரத்துக்குள் உருளை உள்நோக்கி நொறுங்கியது, எவரும் பிழைக்கவில்லை.

கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. பசை விரித்த இடங்களை ஒட்டியே அடுக்குகள் பிரிந்திருந்தன. உற்பத்தியின்போது வெட்டி எடுத்துவைத்த மாதிரித் துண்டுகளையும் பார்த்தார்கள். கடலையே காணாத அவற்றிலும் சுருக்கங்களும் குமிழிகளும் இருந்தன.