வழுக்கி விழுதல் வழக்கு (ஐக்கிய அமெரிக்கா)

வழுக்கி விழுதல் வழக்கு என்பது, பிறருடைய பொறுப்பில் உள்ள ஓர் இடத்தில் வழுக்கியோ தடுக்கியோ விழுந்து காயமுற்ற ஒருவர், அவ்விடத்தின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரிடம் இழப்பீடு கோரித் தொடுக்கும் உரிமையியல் வழக்கு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது தீங்கியல் சட்டத்தின் ஒரு பகுதியாகும். இத்துறை பெரும்பாலும் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது என்பதால், விதிகளும் கால வரம்புகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. வழக்குத் தொடுக்க அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. சுற்றுலா நுழைவிசைவில் வந்தோரும் இழப்பீடு கோரலாம்.

மெய்ப்பிக்க வேண்டியவை

ஒருவர் விழுந்து காயமுற்றார் என்பது மட்டுமே இழப்பீடு பெறப் போதுமானதன்று. பொறுப்பாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பதையும், அதனாலேயே காயம் ஏற்பட்டது என்பதையும் வாதி மெய்ப்பிக்க வேண்டும். இதற்குப் பின்வருவனவற்றுள் ஒன்றையாவது காட்டுவது வழக்கம்:

* ஆபத்தான நிலையைப் பொறுப்பாளரோ அவருடைய ஊழியரோ உருவாக்கினர்.
* அந்நிலை இருப்பதை அவர்கள் அறிந்திருந்தும் சரிசெய்யவில்லை, எச்சரிக்கைப் பலகையும் வைக்கவில்லை.
* நியாயமான கவனத்துடன் இருந்திருந்தால் அவர்கள் அறிந்திருக்கக்கூடிய அளவுக்கு அந்நிலை நீண்ட நேரம் நீடித்திருந்தது.

வழக்குகள் பலவற்றின் முடிவு மூன்றாவது கூறையே சார்ந்துள்ளது. தரையில் சிந்திய நீர் எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்பதே வழக்கின் மையக் கேள்வியாகிறது.

வாழைப்பழத் தோல் வழக்குகள்

மாசச்சூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தின் இரு பழைய தீர்ப்புகள் இவ்விதியை விளக்கச் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றன. 1901 ஆம் ஆண்டின் கொடார்ட் வழக்கில், தொடருந்து நடைமேடையில் வாழைப்பழத் தோலை மிதித்து வழுக்கி விழுந்த பயணி தோல்வியடைந்தார். அத்தோலை வேறொரு பயணி ஒரு நிமிடத்துக்கு முன்னர்கூடப் போட்டிருக்கலாம் என்று நீதிமன்றம் கருதியது.

1911 ஆம் ஆண்டின் அஞ்சூ வழக்கிலும் ஒரு பெண் பயணி வாழைப்பழத் தோலில் வழுக்கியே விழுந்தார். ஆனால் அத்தோல் உலர்ந்து, கறுத்து, பலரால் மிதிபட்டுத் தட்டையாகி, அழுக்கேறி இருந்ததாகச் சாட்சியம் இருந்தது. எனவே அது நெடுநேரம் அங்கே கிடந்திருக்க வேண்டும் என்றும், ஊழியர்கள் அதைக் கண்டு அகற்றியிருக்க வேண்டும் என்றும் முடிவு செய்ய இடமுண்டு எனக் கொண்டு, நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இரு வழக்குகளையும் வேறுபடுத்தியது தோலின் நிலையைப் பற்றிய சான்று மட்டுமே.

விழுந்த பின் எடுக்க வேண்டிய நடவடிக்கைகள்

தரை துடைக்கப்பட்டதும் முதன்மைச் சான்று மறைந்துவிடுகிறது. ஆகவே பின்வரும் நடவடிக்கைகள் உடனடியாகத் தேவைப்படுகின்றன.

* மருத்துவப் பரிசோதனை: காயம் சிறியதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். தாமதம் ஏற்பட்டால், காயம் வேறு காரணத்தால் நேர்ந்தது என எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டாகும்.
* நிகழ்வறிக்கை: மேலாளரிடம் அறிவித்து எழுத்து மூலம் பதிவு செய்யக் கோரி, அதன் படியைக் கேட்டுப் பெற முயல வேண்டும்.
* ஒளிப்படங்கள்: தரை, வெளிச்சம், படிக்கட்டின் கைப்பிடி, எச்சரிக்கைப் பலகை இல்லாமை முதலியவற்றைப் படமெடுக்க வேண்டும். அணிந்திருந்த காலணியைக் கழுவாமல் பாதுகாக்க வேண்டும்.
* சாட்சிகள்: விழுந்ததைக் கண்டோரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
* கண்காணிப்பு நிகழ்படம்: பல கடைகளில் பழைய பதிவுகள் தாமாகவே அழிக்கப்படுகின்றன. ஆகவே பதிவைப் பாதுகாக்குமாறு உடனே கடிதம் அனுப்ப வேண்டும்.
* காப்பீட்டு நிறுவனம்: எதிர்த்தரப்புக் காப்பீட்டாளர் கோரும் குரல் பதிவு வாக்குமூலத்தை வழக்கறிஞரைக் கலந்த பின்னரே அளிப்பது நல்லது. உரிமை விடுவிப்பு ஆவணத்தில் கையொப்பமிட்டபின் மேலும் இழப்பீடு கோருவது பெரும்பாலும் இயலாது.

பணியிடத்தில் விழுந்த தொழிலாளர், முதலாளியின் தவறை மெய்ப்பிக்காமலே தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் உதவி பெறலாம். ஆனால் முதலாளி மீது வழக்குத் தொடுக்கும் உரிமை பொதுவாக அவருக்கு இல்லை.

கால வரம்புகள்

வழக்குத் தொடுக்கும் காலம் டென்னசி, கென்டக்கி ஆகியவற்றில் 1 ஆண்டு, கலிபோர்னியாவில் 2 ஆண்டுகள், நியூ யார்க்கில் 3 ஆண்டுகள் ஆகும். புளோரிடாவில் 4 ஆண்டுகளாக இருந்த வரம்பு, 2023 மார்ச்சில் 2 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

அரசுக்குரிய இடங்களில் விழுந்தோருக்குக் காலம் இன்னும் குறைவு. நியூ யார்க் நகராட்சிகளுக்கு 90 நாட்களுக்குள்ளும், கலிபோர்னிய அரசு அமைப்புகளுக்கு 6 மாதங்களுக்குள்ளும் எழுத்து மூலம் கோரிக்கை அளிக்க வேண்டும். நடுவண் அரசுக் கட்டடமாயின், தொடர்புடைய துறைக்கு 2 ஆண்டுகளுக்குள் கோரிக்கை அளித்த பின்னரே வழக்குத் தொடுக்க இயலும்.

காயமுற்றவரின் தவறு

கலிபோர்னியாவில் 1975 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின்படி, காயமுற்றவரின் தவறு எவ்வளவு விழுக்காடோ அவ்வளவே இழப்பீடு குறைக்கப்படும். எடுத்துக்காட்டாக, இழப்பு 1,00,000 டாலர், அவருடைய தவறு 30 விழுக்காடு எனில் அவர் 70,000 டாலர் பெறுவார். அவருடைய தவறு பாதியை எட்டினாலோ தாண்டினாலோ எதுவும் கிடைக்காது என்ற விதி பல மாநிலங்களில் உள்ளது. அலபாமா, மேரிலாந்து, வட கரொலைனா, வர்ஜீனியா ஆகியவற்றில் சிறு தவறுகூட வழக்கைத் தோல்வியுறச் செய்யலாம்.

செலவும் தீர்வும்

இவ்வழக்குகளில் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் முன்பணம் பெறுவதில்லை. கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை, பொதுவாக மூன்றில் ஒரு பங்கைப் பெறுகின்றனர். பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு முன்னரே காப்பீட்டு நிறுவனத்துடனான உடன்பாட்டில் முடிகின்றன. சிறு தொகைகளுக்குச் சிறு கோரிக்கை நீதிமன்றங்கள் உள்ளன. கலிபோர்னியாவில் 2024 முதல் தனிநபர் 12,500 டாலர் வரை, வழக்கறிஞர் இன்றித் தாமே அங்கு கோரலாம்.