கருவி திருத்தாத பிழை: துல்லியக் கதிர்வீச்சுச் சிகிச்சையின் அண்மை ஆய்வுகளை முன்வைத்து

அறுவை செய்ய இயலாத மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோயாளிகளை இரு சாராராகப் பிரித்து, ஒரு சாராருக்கு வழக்கமான 60 கிரே, மறு சாராருக்கு 74 கிரே கதிர்வீச்சு கொடுத்தது ஆர்.டி.ஓ.ஜி. 0617 ஆய்வு. 2007இல் தொடங்கி, அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது. இரு சாராருக்கும் கீமோதெரபியும் உண்டு. குறி தவறாமல் கதிரைச் செலுத்தும் வசதி வந்துவிட்டது, இனி அளவைக் கூட்டினால் கட்டி அடங்கும், ஆயுள் நீளும் என்றே துறையில் பலரும் எதிர்பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு அந்த எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. 60 கிரே பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 28.7 மாதம், 74 கிரே பெற்றவர்களுக்கு 20.3 மாதம். இதயத்தில் விழுந்த கதிரின் அளவு கூடக் கூட இறப்பும் கூடியிருந்ததைப் பின்னர் கணக்கிட்டுக் கண்டார்கள்.

அன்று பல மையங்களில் பழைய முறைத் திட்டங்களே இருந்தன, ஆகவே இது துல்லியத்தின் தோல்வி ஆகாது என்று வாதிடலாம். ஓரளவு நியாயமான வாதம்தான். அதே ஆய்வில் செறிவு மாற்றும் முறையில், அதாவது ஐ.எம்.ஆர்.டி.யில், சிகிச்சை பெற்றவர்களுக்குக் கடுமையான நுரையீரல் அழற்சி குறைவாகவே வந்தது. ஆனால் அந்தச் சமாதானம் ஒரு கேள்வியைத் தொடாமல் விட்டுவிடுகிறது: துல்லியம் கைக்கு வந்ததும் அதை எதற்குச் செலவிடுவது? அளவைக் கூட்டவா, ஓரத்தைக் குறைக்கவா, நாள்களைச் சுருக்கவா? கடந்த பதினைந்து ஆண்டுகளின் சமவாய்ப்பு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது, பலன் தந்தவற்றையும் தராதவற்றையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விக்கான விடைதான் என்று எனக்குப் படுகிறது. கருவியின் விலை அந்தப் பிரிவினையை விளக்கவில்லை.

முதலில் வடிவக் கணக்கு. ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கன அளவு சுமார் 113 கன செ.மீ. மூச்சசைவு, மேஜையில் படுக்கும் நிலை, மலக்குடலின் நிறைவு முதலிய ஐயங்களுக்காகச் சுற்றிலும் 10 மி.மீ. ஓரம் விட்டால் கதிர் பாயும் பகுதி 268 கன செ.மீ. ஆகிவிடும், கட்டியைவிட அதிகமான நல்ல திசு, 155 கன செ.மீ., உள்ளே வந்துவிடும். ஓரத்தை 5 மி.மீ. ஆகக் குறைத்தால் உள்ளே அகப்படும் நல்ல திசு 67 கன செ.மீ.தான். துறை மில்லிமீட்டருக்காக ஏன் மல்லுக்கு நிற்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். லீனியர் ஆக்சிலரேட்டரின் தலைப்பகுதியில் திறந்து மூடும் மெல்லிய டங்ஸ்டன் தகடுகள், நோயாளி மேஜையில் படுத்திருக்கும்போதே எடுக்கப்படும் கோன் பீம் சி.டி., மூச்சோடு ஒத்திசைந்து கதிரை நிறுத்தி விடும் ஏற்பாடு ஆகிய எல்லாம் அந்த ஓரத்தைக் கத்தரிக்க வந்தவை.

எந்தப் பிழைக்காக எவ்வளவு ஓரம் என்பதை நெதர்லாந்தின் இயற்பியலர் மார்செல் வான் ஹெர்க்கும் அவருடைய குழுவினரும் 2000இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். முறைசார் பிழையின் பரவலை 2.5ஆலும், தற்செயல் பிழையின் பரவலை 0.7ஆலும் பெருக்கிக் கூட்டினால் தேவையான ஓரம் கிடைக்கும். தற்செயல் பிழை ஒரு நாள் இப்படியும் மறுநாள் அப்படியும் போகும். பல நாள் சிகிச்சையில் கதிரின் விளிம்பு சற்று மங்குமே தவிர, கட்டியின் ஒரு பகுதி நிரந்தரமாகத் தப்பிவிடாது. முறைசார் பிழை ஒவ்வொரு நாளும் ஒரே திசையில் ஒரே அளவில் திரும்ப வரும். திட்டமிடும் நாளில் எடுத்த சி.டி. படத்தின் மேல் மருத்துவர் கட்டியின் எல்லையை வரையும்போது ஒரு நிணநீர் முடிச்சை விட்டுவிட்டால், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அந்த முடிச்சு கதிருக்கு வெளியேதான் இருக்கும். தினமும் படம் எடுத்து நிலையைச் சரிபார்க்கும் கருவி இந்தப் பிழையைத் திருத்தாது. தவறாக வரைந்த எல்லையோடு நோயாளியை மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருத்திவைக்கும், அவ்வளவுதான்.

இதற்கு நல்ல சான்று, வேறொன்றைத் தேடிப் போன ஆய்விலிருந்து கிடைத்தது. தலை, கழுத்துப் புற்றுநோயில் டிராபஸமைன் என்ற மருந்தைச் சோதிக்க 'ஹெட்ஸ்டார்ட்' என்ற பன்னாட்டு ஆய்வு நடந்தது. மருந்து பலிக்கவில்லை. ஆனால் நோயாளிகளின் கதிர்வீச்சுத் திட்டங்களை ஒரு குழு மறுபரிசீலனை செய்து 2010இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. திட்டத்தில் பெருங்குறை இருந்தவர்களில் இரண்டாண்டு உயிர் பிழைத்தோர் 50 விழுக்காடு. தொடக்கத்திலிருந்தே நெறிமுறைப்படி சிகிச்சை பெற்றவர்களில் 70 விழுக்காடு. ஐந்துக்கும் குறைவான நோயாளிகளை மட்டும் சேர்த்த மையங்களில் பெருங்குறைகள் கிட்டத்தட்ட 30 விழுக்காடு. இருபதோ அதற்கு மேலோ சேர்த்த மையங்களில் 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தன. புற்றுநோயியலில் ஒரு புதிய மருந்து இருபது விழுக்காடு உயிர்களைக் கூடுதலாகக் காத்தால் தலைப்புச் செய்தியாகும். திட்டத்தை ஒழுங்காக வரைவதற்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

துல்லியம் பலித்த இடங்கள் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பிரிட்டனின் 'பார்ஸ்போர்ட்' ஆய்வில் (2011) தொண்டைப் புற்றுநோயாளிகளுக்குக் காதடி உமிழ்நீர்ச் சுரப்பியைத் தவிர்த்துக் கதிர் கொடுத்தபோது, ஓராண்டு கழித்து நாவறட்சியால் அவதிப்பட்டோர் 74 விழுக்காட்டிலிருந்து 38 ஆகக் குறைந்தனர். சோற்றைத் தண்ணீர் விட்டு விழுங்குவதற்கும் சாதாரணமாகச் சாப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 'பார்சர்' ஆய்வு (2021) நமக்கு இன்னும் நெருக்கமானது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து கதிர் பெற்ற 300 பெண்களில், படவழி ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களுக்கு மூன்றாண்டுகளில் மிதமான அல்லது அதைவிடக் கடுமையான குடல் பாதிப்பு 21.1 விழுக்காடு, பழைய முப்பரிமாண முறையில் 42.4. நோய்க் கட்டுப்பாட்டில் இரண்டும் சமம். இரு ஆய்வுகளிலும் ஆதாயம் கிடைத்த வழி ஒன்றே: எந்த உறுப்பைக் காக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பெயர் சொல்லி வைத்துக்கொண்டு, அதற்காகக் கருவியைப் பயன்படுத்தினார்கள்.

அப்படியானால் துல்லியம் என்பது எப்போதும் குறுக்கிக்கொண்டே போவதா? அதே டாடா மருத்துவமனையின் 'பாப்-ஆர்டி' ஆய்வு அந்த எண்ணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு அதிகமுள்ள புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 224 பேர். பாதிப் பேருக்குப் புராஸ்டேட்டுக்கு மட்டும் கதிர். மீதிப் பேருக்கு இடுப்பறை முழுவதற்கும். ஐந்தாண்டில், நோய் திரும்புவதைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தக் குறியீடு உயராமல் இருந்தோர், குறுகிய இலக்கில் 81.2 விழுக்காடு, விரிந்த இலக்கில் 95. சிறுநீர்ப் பாதை உபாதை விரிந்த இலக்கில் கூடுதல் என்பதும் உண்மை. ஒட்டுமொத்த உயிர்பிழைப்பில் ஐந்தாண்டு வரை வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தும், நோய் கண்ணுக்குத் தெரியாமல் எங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீடு சரியாக இருந்ததால், அகன்ற புலமே இங்கே கூடுதல் துல்லியமான சிகிச்சையாயிற்று. பெரும்பாலோருக்கு பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்துப் பரவல் இல்லை என்று உறுதி செய்த பிறகே சிகிச்சை தொடங்கியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

புராஸ்டேட்டிலேயே மறுமுனையில் இருப்பது ஐந்தே அமர்வுச் சிகிச்சை. 2024இல் வெளியான 'பேஸ்-பி' ஆய்வில் 874 ஆண்கள். ஐந்து அமர்வில் 36.25 கிரே பெற்றவர்களில் ஐந்தாண்டு நோய் மீளாதோர் 95.8 விழுக்காடு, நெடுநாள் சிகிச்சை பெற்றவர்களில் 94.6. கட்டுப்பாட்டில் குறைவில்லை. ஆனால் சிறுநீர்ப் பாதை உபாதை 26.9 விழுக்காடு, மற்றவர்களுக்கு 18.3. நாள் சுருங்கியதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விலையைக் குறைக்கும் வழியை லாஸ் ஏஞ்சலீஸின் 'மிராஜ்' ஆய்வு (2023) காட்டுகிறது: எம்.ஆர்.ஐ. இணைந்த கருவியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டே ஓரத்தை 4 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ. ஆகக் குறைத்தபோது, உடனடிச் சிறுநீர் உபாதை 43.4 விழுக்காட்டிலிருந்து 24.4 ஆனது. மில்லிமீட்டர் பயன் தந்ததற்கு இதைவிடச் சுத்தமான சான்று அரிது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவியைச் செய்த வியூரே நிறுவனம் அதே ஆண்டில் திவால் மனு போட்டது. நல்ல சான்று இருந்தும் நிறுவனம் தாக்குப்பிடிக்கவில்லை. சான்று மெலிந்த பல கருவிகள் செழிப்பாக விற்கின்றன.

நாள்களைச் சுருக்கியதில் மிகப் பெரிய வெற்றி மார்பகத்தில். பிரிட்டனின் 97 மையங்களில் 4,096 பேரைச் சேர்த்த 'ஃபாஸ்ட் ஃபார்வர்டு' ஆய்வு 2020இல் வெளியானது. மூன்று வாரத்தில் 15 அமர்வு பெற்றவர்களில் ஐந்தாண்டில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியோர் 2.1 விழுக்காடு, ஒரே வாரத்தில் 5 அமர்வில் 26 கிரே பெற்றவர்களில் 1.4. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. மார்பகப் புற்றணுக்கள் ஒரு நாளைய அளவின் பருமனுக்குக் காட்டும் எதிர்வினை, சுற்றியுள்ள நல்ல திசுவின் எதிர்வினையை ஒத்தது என்ற உயிரியல் ஊகத்தைப் பல ஆண்டுகள் பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வுகள் நடத்திச் சரிபார்த்தார்கள். புராஸ்டேட்டிலும் 'சிப்' ஆய்வு (2016) 37 அமர்வுக்குப் பதில் 20 போதும் என்று காட்டியது. 'கரண்ட் வைக்க' வந்து நகரத்தில் அறை எடுத்துத் தங்கி, தினக்கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் வேலையிலிருந்து பிடித்துவைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு இதுதான் பெரிய ஆதாயம். மார்பகச் சிகிச்சையில் ஒரு கருவியில் அதே நேரத்தில் மூன்று மடங்கு பெண்களுக்குச் சிகிச்சை தரலாம் என்பது நிர்வாகத்துக்கும் புரியும் கணக்கு. துல்லியம் பற்றிய கருத்தரங்குகளில் 'ஃபாஸ்ட் ஃபார்வர்டு' ஓரமாகவே அமர்த்தப்படுகிறது. படத்தில் காட்டக் கவர்ச்சியாக எதுவும் இல்லை.

கவர்ச்சிக்குப் புரோட்டான் இருக்கிறது. சென்னைத் தரமணியில் 2019இலும் நவி மும்பைக் கார்கரில் 2023இலும் சிகிச்சை தொடங்கிவிட்டது. குறிப்பிட்ட ஆழத்தில் ஆற்றலைக் கொட்டி நின்றுவிடும் அந்தத் துகள், மூளை, தண்டுவடம் முழுவதற்கும் கதிர் தேவைப்படும் குழந்தைகளுக்குப் பெருவரம். வளரும் உடலின் மறுபக்கத்துக்குக் கதிர் போகாமலிருப்பதன் மதிப்பை மறுப்பதற்கில்லை. தொண்டைப் புற்றுநோயிலும் 2024இல் அறிவிக்கப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வில் அது நோய்க் கட்டுப்பாட்டில் பின்தங்காமல், குழாய் வழி உணவு தேவைப்படுவோரைக் குறைத்தது. ஆனால் புராஸ்டேட்டில் 450 ஆண்களை ஒப்பிட்ட 'பார்டிக்கால்' ஆய்வில் (2024) குடல் நலத்தில் ஐ.எம்.ஆர்.டி.க்கும் புரோட்டானுக்கும் வேறுபாடு இல்லை. இலக்கை ஐ.எம்.ஆர்.டி. ஏற்கெனவே நன்றாகக் கையாளும் இடத்தில் இயற்பியலின் நேர்த்தி நோயாளியின் உடலில் போய்ச் சேரவில்லை. வயது வந்த புராஸ்டேட் நோயாளிக்குப் பொதுப்பணத்தில் புரோட்டான் தரக் கூடாது என்பது என் கருத்து. அந்த இடம் குழந்தைகளுக்குப் போகட்டும்.

கட்டியின் உயிரியலை வைத்து அளவைத் தைத்துக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையும் ஒரு அடி வாங்கியிருக்கிறது. எச்.பி.வி. கிருமியால் வரும் தொண்டைப் புற்றுநோய் எளிதில் கட்டுப்படும், எனவே 70 கிரேயை 60 ஆக்கலாம் என்று தொடங்கிய என்.ஆர்.ஜி. எச்.என்.005 ஆய்வில், வழக்கமான அளவில் இரண்டாண்டு நோய் முன்னேறாதோர் 98.1 விழுக்காடு, குறைத்த அளவில் 88.6. ஆய்வை நிறுத்தினார்கள். நொடிக்குள் முழு அளவையும் பாய்ச்சும் 'ஃபிளாஷ்' முறை 2014இல் எலிகளில் வியப்பூட்டியது. மனிதரில் இன்னும் விரல்விட்டு எண்ணும் தொடக்கநிலை ஆய்வுகளே. அது காத்திருக்கட்டும்.

காத்திருக்க முடியாதது எல்லை வரைவு. கணினியே எல்லையை வரையும் மென்பொருள்கள் நம் மருத்துவமனைகளுக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன. இந்தியா, ஜோர்டான், மலேசியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் அத்தகைய மென்பொருளின் தரத்தைச் சோதிக்க 'ஆர்ச்சரி' என்ற ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாட்டில் இதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் வான் ஹெர்க்கின் கணக்கை இங்கே திரும்பப் பொருத்திப் பார்க்க வேண்டும். பத்து மருத்துவர்கள் பத்து விதமாக வரைந்தால், தவறுகளும் நோயாளிக்கு நோயாளி மாறும். மென்பொருள் ஒன்று ஒரு முடிச்சுக் கூட்டத்தைத் தவறவிடப் பழகியிருந்தால், அதைப் பயன்படுத்தும் எல்லா மையங்களிலும், எல்லா நோயாளிகளிடமும் அதையே தவறவிடும். மேலைநாட்டு நோயாளிகளின் படங்களில் கற்ற மென்பொருள், முற்றிய நிலையில் வரும் நம் வாய்ப் புற்றுநோயாளிகளின் கழுத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நம் படங்களை வைத்தே சோதிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இதனோடு பின்னிக்கிடக்கிறது. 33 அமர்வுச் சிகிச்சையில், முதல் வாரக் கூட்டத்தில் மூத்த மருத்துவர் ஒருவர் எல்லையில் தவறு கண்டால் திட்டத்தை மாற்றி மிச்ச நாள்களில் ஈடுகட்டலாம். ஐந்து அமர்வில் அந்த வசதி இல்லை. திங்களன்று தொடங்கியது வெள்ளியன்று முடிந்துவிடும், ஒவ்வொரு நாளும் மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே குறுகிய சிகிச்சைக்கு மாறும் ஒவ்வொரு மருத்துவமனையும், முதல் அமர்வுக்கு முன்பே வரைந்தவர் அல்லாத இன்னொரு கதிர்வீச்சு மருத்துவர் எல்லையைப் பார்த்துக் கையொப்பமிடும் முறையைக் கொண்டுவர வேண்டும். சிறிய மையங்களுக்கு இரண்டாவது மருத்துவர் இருக்க மாட்டார் என்பார்கள். படங்களை மாவட்டத்திலிருந்து மண்டல மையத்துக்கு அனுப்ப இணைய இணைப்பு போதும். பார்க்கும் மருத்துவரின் அரை மணி நேரத்துக்குப் பணிக்கணக்கில் இடம் ஒதுக்க வேண்டும். புதிய கருவி கேட்கும் ஒவ்வொரு கோப்போடும் இந்த அரை மணி நேரத்துக்கான ஏற்பாடும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும்.