கனத்த வாளும் கனமில்லாத வாளும்

ஐரோப்பாவின் இடைக்கால வாள் என்றால் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது 1952-ல் வந்த 'ஐவன்ஹோ' போன்ற ஆங்கிலப் படங்கள்தான். கூடவே ஓர் எண்ணமும் ஒட்டிக்கொண்டது: அந்த வாள்கள் தூக்க முடியாத கனம், வீரர்கள் விறகு பிளப்பதுபோல வீசினார்கள், அதில் நுட்பம் என்று எதுவும் கிடையாது. இந்த எண்ணம் எப்படி வளர்ந்தது, எப்படி மாறியது என்பதை அந்த வாள்களுக்குச் செய்த நகல்களை வைத்தே சொல்லிவிடலாம்.

நான் சொல்வது 'லாங்ஸ்வோர்ட்' எனப்படும் நெடுவாளை. ஏறத்தாழ 14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து எங்கும் புழங்கியது. இரு கையாலும் பிடிக்க நீண்ட பிடி, குறுக்கே ஒரு காப்புக் கம்பி, பிடியின் கடைசியில் குமிழ். மொத்த நீளம் பெரும்பாலும் 100 முதல் 130 சென்டிமீட்டர். எடையோ, கிடைத்திருக்கும் அசல் வாள்களில் பெரும்பாலானவை 1.2 முதல் 1.8 கிலோவுக்குள்தான். இரண்டு கிலோ அரிசிப் பையைவிடக் குறைவு!

பழைய நகல்கள் அப்படி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் செல்வந்தர்கள் மாளிகைச் சுவரை அலங்கரிக்கச் செய்யச் சொன்னார்கள். பின்னால் சுற்றுலாப் பயணிகளுக்காகத் துருப்பிடிக்காத எஃகில் வந்தன. படத்தைப் பார்த்துச் செய்பவருக்கு நீளமும் அகலமும் தெரியும், தடிமன் தெரியாது. ஆகவே பிடி முதல் நுனி வரை ஒரே தடிமனில் தகட்டை வெட்டினார்கள். அசல் வாளிலோ பிடியருகே 5, 6 மில்லிமீட்டர் இருக்கும் அலகு, நுனியை நெருங்கும்போது 2, 3 மில்லிமீட்டராக மெலியும். முன்பக்கம் இலேசாகி, பின்னால் குமிழ் எதிர்எடையாக நிற்கும். அதனால் வாளின் சமநிலை கைக்குப் பக்கத்திலேயே அமையும். நகலில் இது இல்லாததால் முன்பக்கம் கனத்து, மணிக்கட்டு வலிக்கும்.

விளைவு என்ன? இடைக்கால வாள்வீச்சு வெறும் முரட்டு பலம் என்ற தீர்ப்பு பரவியது. 1885-ல் எகர்டன் காஸில் எழுதிய வாள்வித்தை வரலாறும் ஏறக்குறைய அப்படித்தான் பேசியது. ஆனால் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலியின் ஃபியோரே தெய் லிபெரி இந்த வாளுக்குப் படங்களோடு பாடநூல் எழுதியிருந்தார். ஜெர்மனியின் ஹான்ஸ் டால்ஹோஃபரின் நூல் 1467-ஐச் சேர்ந்தது. கவசம் அணிந்தவனை எதிர்க்க அலகின் நடுவையே ஒரு கையால் பற்றிக் குத்தும் முறை உட்பட எல்லாம் அவற்றில் உண்டு.

மாற்றத்துக்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் எவர்ட் ஓக்ஷாட். 1960-களில் வந்த அவருடைய நூல்கள், அலகின் வடிவமும் குறுக்குவெட்டும் பார்த்து வாள்களை வகை பிரித்தன. பிறகு ஸ்வீடனின் பீட்டர் யோன்சன் போன்ற கொல்லர்கள் அருங்காட்சியகங்களில் அசல் வாள்களை எடுத்து, இடம் இடமாகத் தடிமன் அளந்து, எடையும் சமநிலையும் குறித்தார்கள். அமெரிக்காவின் ஆல்பியன் நிறுவனம் அவருடைய வடிவமைப்பில் வாள்கள் செய்கிறது. நம் டேராடூனில் 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனமும் இத்தகைய ஐரோப்பிய வாள்களை ஏற்றுமதி செய்கிறது.

புதிய நகலிலும் குறை உண்டு. இயந்திரம் கடைந்த அலகு இருபுறமும் இம்மி பிசகாமல் இருக்கிறது, எஃகும் ஒரே சீராக இருக்கிறது. அசலோ கைவேலை. எஃகில் கசடு கலந்திருக்கும், பள்ளம் சற்றுக் கோணலாக ஓடும். கையில் பிடிக்கும் உணர்வைப் புதிய நகல் மீட்டுத் தந்தது, கொல்லனின் கையைத் தரவில்லை.

ஆனாலும் புதியதன் நன்மை பெரிது. பழைய நகல், அந்தக் காலத்து மனிதர்களை அறிவில்லாத முரடர்களாகக் காட்டியது. உயிரைக் காக்கும் கருவியைத் தூக்க முடியாத கனத்தில் எவன் செய்வான்? லண்டனில் வாலஸ் கலெக்ஷனுக்குப் போக வாய்ப்பவர்கள், வாள்களை நேரே மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். அலகு மெலிந்துகொண்டே போவது கண்ணாலேயே தெரியும்.