உப்பால் வாழ்ந்த ஊர்: வியெலிச்கா

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. உணவுக்குச் சுவையூட்டும் அந்த உப்பு, ஓர் அரசின் கருவூலத்தையே நிரப்பிய வரலாறும் உண்டு. அதனைக் காண, இன்று நாம் ஐரோப்பாவிலுள்ள போலந்து நாட்டின் வியெலிச்கா என்னும் சிறு நகருக்குச் செல்வோம்.

போலந்தின் தென்பகுதியில், பழைய தலைநகரான கிராக்கோவுக்குத் தென்கிழக்கே, கார்ப்பேதிய மலைகளின் அடிவாரத்தில் இந்நகர் அமைந்துள்ளது. பால்டிக் கடலோ நாட்டின் வடகோடியில் இருக்கிறது. அப்படியிருக்க, இங்கே உப்பு எப்படி வந்தது? ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விடத்தில் கடல் இருந்தது. அக்கடல் நீர் வற்றியபோது உப்பு அடியில் படிந்தது. பின்னர், கார்ப்பேதிய மலைத்தொடர் வடக்கு நோக்கி நெருக்கியதால் அப்படிவுகள் மடிந்து தடித்தன.

தொடக்கத்தில் இங்கு வாழ்ந்தோர் உவர் ஊற்றுகளின் நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். 13ஆம் நூற்றாண்டில் நிலத்தினுள் பாறையுப்பு கண்டெடுக்கப்பட்டது. 1290ஆம் ஆண்டில் வியெலிச்கா நகர உரிமை பெற்றது.

குளிர்பதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில், இறைச்சியும் மீனும் கெடாமலிருக்க உப்பே துணை. ஆகவே அதன் விலையும் மதிப்பும் உயர்ந்தன. 14ஆம் நூற்றாண்டில் வியெலிச்காவும் அருகிலுள்ள பொக்னியாவும் ஈட்டிய உப்பு வருவாய், அரச வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தது. மாமன்னர் காசிமீர் 1368இல் உப்புச் சுரங்கங்களுக்கெனச் சட்டம் வகுத்தார். 1364இல் அவர் கிராக்கோவில் நிறுவிய பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுக்கு ஊதியம், வியெலிச்காவின் உப்பு வருவாயிலிருந்தே ஒதுக்கப்பட்டது. கல்விக்கும் உப்பிட்ட ஊர் இது!

ஆனால் அந்த உப்பை வெட்டியெடுத்தவர்களின் வாழ்வு எளிதாக இருந்ததா? சுரங்கத்தில் மீத்தேன் வாயு சேரும், தீப்பட்டால் வெடிக்கும். அதனை முன்கூட்டியே எரித்துவிட, சிலர் நீண்ட கழியின் முனையில் தீப்பந்தம் கட்டித் தரையோடு தரையாகத் தவழ்ந்து சென்றனர். உப்புப் பாளங்களை மேலேற்ற, குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்து மரப்பொறிகளை இயக்கின. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தோண்டியதில், சுரங்கம் 9 தளங்களாக 327 மீட்டர் ஆழம் வரை இறங்கியது.

இச்சுரங்கத்தின் பெரும் பகை எது தெரியுமா? தண்ணீர்தான். கடலாக இருந்து உப்பைத் தந்த அதே நீர், உள்ளே புகுந்தால் உப்பைக் கரைத்துவிடும். 1992இல் புகுந்த வெள்ளத்தால் மேலேயுள்ள நிலம் தாழ்ந்தது. மடாலயமும் இருப்புப்பாதையும் ஆபத்துக்குள்ளாயின. 1996இல் வணிக நோக்கில் உப்பெடுப்பது நிறுத்தப்பட்டது.

நகரத்தின் துயரங்களையும் நாம் மறத்தலாகாது. 1772இல் ஆஸ்திரியா இதனைக் கைப்பற்றியது. 1918இல்தான் இது மீண்டும் போலந்தின் நகரமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆக்கிரமித்தபோது, 1942 ஆகஸ்டில் இங்கு வாழ்ந்த யூத மக்கள் பெல்செக் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். பல தலைமுறைகளாக அவ்வூரில் வாழ்ந்த ஒரு சமூகமே சில நாட்களில் அழிந்தது.

1978இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் முதற் பட்டியலை வெளியிட்டபோது, அதில் இடம்பெற்ற 12 இடங்களுள் இச்சுரங்கமும் ஒன்று. அங்கே 101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்காவின் ஆலயம் உள்ளது. பீடம், சிற்பங்கள், தரை யாவும் உப்பே. தொங்கும் சரவிளக்குகளையும் உப்புப் படிகங்களே அணி செய்கின்றன. இதைச் செதுக்கும் பணி 1896இல் தொடங்கி ஏறக்குறைய 70 ஆண்டுகள் நடந்தது. செய்தவர்கள் அரண்மனைச் சிற்பிகள் அல்லர். யூசெப் மார்க்கோவ்ஸ்கி, அவர் தம்பி தொமாஷ், அந்தோனி விரோதெக் ஆகிய சுரங்கத் தொழிலாளர்களே.

நேயர்களே, உப்பின் பயனை அனுபவித்த அரசர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அதை வெட்டிய ஆயிரமாயிரம் பேரின் பெயர்கள் இல்லை. அவர்களுக்காகப் பேசுபவை அந்த உப்புச் சுவர்களே. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோமே, வியெலிச்காவில் உப்பிட்டவர் யார் என்பதை நாம் சிந்திப்போமாக.