தரங்கம்பாடி: கோட்டைக்கு முந்திய ஊரும் கடல் கொள்ளும் கரையும்

ஆய்வுச் சுருக்கம்

மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூரான தரங்கம்பாடி, இன்று டேனியர் நினைவுச் சின்னங்களைக் காண்பதற்குரிய சுற்றுலாத் தலமாக அறியப்படுகிறது. 1620இல் தொடங்கும் இவ்வறிமுகம், அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே கல்வெட்டில் இடம்பெற்றுவிட்ட துறைமுகப்பட்டினத்தை மறைக்கிறது. ஊர்ப்பெயர், ஒப்பந்தம், கோட்டையைக் காத்த மக்கள், கரையரிப்பு ஆகியவற்றை முன்வைத்து இவ்வூரின் வரலாற்றை இக்கட்டுரை மீள நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: தரங்கம்பாடி, சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம், டான்ஸ்போர்க், மாசிலாமணிநாதர் கோயில், கரையரிப்பு.

முன்னுரை

தரங்கம்பாடிக்கு வரும் பயணி நிலவாயிலின் வழியே ஊருக்குள் நுழைகிறார். 1792இல் கட்டப்பெற்ற அவ்வெண்ணிற வாயிலைக் கடந்ததும் இராசா தெரு நேராகக் கடலை நோக்கிச் செல்கிறது. வழியில் 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் திருநிலைப்படுத்தப்பட்ட புதிய எருசலேம் ஆலயமும், ஆளுநர் மாளிகையும் அமைந்துள்ளன. தெருவின் முடிவில் டான்ஸ்போர்க் கோட்டையும் அதற்கப்பால் வங்கக் கடலும் தோன்றுகின்றன. கண்ணுக்கு இனிய காட்சி இது, ஐயமில்லை. ஆனால் இத்தெரு பயணியை அழைத்துச் செல்லும் ஒழுங்கிலேயே ஊரின் வரலாறும் எழுதப்பட்டு வந்துள்ளது என்பதுதான் சிக்கல். கோட்டைக்கு வடக்கே, அலைகள் மோதும் விளிம்பில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பலரும் இறுதியில், பொழுது இருந்தால் மட்டுமே காண்கின்றனர். காலவரிசைப்படி நோக்கின் அங்கிருந்தே தொடங்கியிருக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்ச் சிக்கல்

'அலைகள் பாடும் இடம்' என்பதே தரங்கம்பாடி என்னும் பெயருக்கு இன்று பரவலாக வழங்கும் பொருள். சுற்றுலாக் கையேடுகள் அனைத்தும் இதனை விரும்பி ஏற்றுள்ளன. தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் சொல் என்பது உண்மையே. ஆனால் 'பாடி' என்னும் ஈற்றைப் 'பாடுதல்' என்னும் வினையோடு இணைப்பது ஊர்ப்பெயராய்வுக்கு ஒவ்வாது. வாணியம்பாடி, எடப்பாடி, மேல்பாடி முதலிய பெயர்களிற் போல, இங்கும் அது குடியிருப்பைக் குறிக்கும் பின்னொட்டே. வாணியம்பாடியில் எவரும் பாடவில்லை.

இதனினும் இன்றியமையாதது கல்வெட்டுச் சான்று. மாசிலாமணிநாதர் கோயில், முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் அளித்த நிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1306ஐ ஒட்டி எழுந்தது. அக்காலக் கல்வெட்டு இவ்வூரைச் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' எனச் சுட்டுகிறது. அவ்வாறாயின், பழம்பெயரில் அலையும் இல்லை, பாட்டும் இல்லை. சடங்கன் என்பது ஆட்பெயராகலாம். அது தரங்கமாக மாறியது இயல்பான ஒலிமாற்ற விதிகளுக்கு உட்பட்டதெனக் கூறவியலாது. பொருள் மங்கிய பழம்பெயரை அதனோடு ஒலியால் நெருங்கியதும் கடற்கரைக்குப் பொருந்துவதுமான வேறொரு சொல்லால் மக்கள் விளங்கிக்கொண்டதன் விளைவாகவே அதனைக் கருதுதல் பொருந்தும். ஐரோப்பியர் வழங்கிய 'டிராங்கிபார்' என்னும் வடிவம் தரங்கம்பாடியின் திரிபே. ஆகவே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் இம்மாற்றம் நிகழ்ந்து முடிந்திருத்தல் வேண்டும்.

கல்வெட்டிலுள்ள இரண்டாம் பெயரும் கவனத்துக்குரியது. அரசன் பெயரோடு 'பட்டினம்' என்னும் ஈறு சேர்வது, ஊர் வெறும் மீனவர் குப்பமாக மட்டும் இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. வணிகப் பயன் இல்லாத கரைக்கு வேந்தன் தன் பெயரை வழங்கியிருக்கமாட்டான். டேனியர் 'கண்டெடுத்த' சிற்றூர் என்னும் கூற்று இவ்வொரு சொல்லாலேயே வலுவிழக்கிறது.

பொன்னேட்டு மடல்

டேனியர் இக்கரைக்கு வந்தது முன்னரே திட்டமிட்டதன்று. 1616இல் தோன்றிய டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற் கப்பற்படை, ஓவே கெட்டே தலைமையில் 1618இல் புறப்பட்டது. அதன் இலக்கு இலங்கை. கண்டி மன்னரோடு உடன்பாடு காணும் முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. முன்னதாக வந்திருந்த ரோலண்ட் கிராப்பேயின் கப்பல் காரைக்கால் அருகே போர்த்துக்கேயரால் அழிக்கப்பட, உயிர்தப்பிய அவர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கேயர் வலுப்பெற்றிருந்த நிலையில், அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வணிகக் குழுவைத் தம் கரையில் அமர்த்துவது நாயக்கருக்கும் உவப்பானதாகவே இருந்திருக்கும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் டேனியர் உரிமை பெற்றனர். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் திறை செலுத்த இசைந்தனர்.

இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியானுக்கு விடுத்த மடல் பொன்னேட்டில் தமிழில் எழுதப்பெற்றது. அதில் நாயக்கரின் ஒப்பம் தெலுங்கில் உள்ளது. இம்மடல் கோபன்கேகனிலுள்ள டென்மார்க்குத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. டேனியக் குடியேற்றத்தின் மூல ஆவணமே ஒரு தமிழ் ஆவணம். கொடுத்தவர் மொழியில், கொடுத்தவர் நிலையிலிருந்து எழுதப்பட்ட அவ்வேட்டை மனத்திற்கொண்டு கோட்டையை நோக்கின், அது வென்றவர் கோட்டையன்று, திறை செலுத்திக் குடியிருந்தவர் கோட்டை என்பது விளங்கும்.

கோட்டையைக் காத்தவர்

இவ்வுண்மையை மெய்ப்பிக்கும் நிகழ்வொன்று 17ஆம் நூற்றாண்டின் நடுவில் உண்டு. ஐரோப்பியப் போர்களால் நலிந்த டென்மார்க்கிலிருந்து கப்பல்கள் வருவது நின்றுபோயிற்று. 1650இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. நோயாலும் வெளியேற்றத்தாலும் டேனியர் குறைந்துகொண்டே வந்து, 1655இல் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்னும் ஒருவர் மட்டுமே எஞ்சினார். அடுத்த டேனியக் கப்பல் கரை சேர்ந்தது 1669இல். இடைப்பட்ட 14 ஆண்டுகளும் கொடி இறங்கவில்லை. நாயக்கர் படையின் முற்றுகையும் தாங்கப்பட்டது. ஊரைச் சுற்றி மதிலும் எழுந்தது.

டேனிய வரலாற்று நூல்கள் இதனைத் தனிமனித வீரமாகவே போற்றுகின்றன. தனியொருவர் மதில் எழுப்பவும் முற்றுகையைத் தாங்கவும் இயலாது என்பதை விளக்க வேண்டியதில்லை. கல் சுமந்தவரும் காவல் நின்றவரும் கப்பல் செலுத்தியவரும் இக்கரையின் மக்களும் போர்த்துக்கேய மொழி பேசிய கலப்பின மக்களுமே. அவர்களுள் ஒருவர் பெயரும் இன்று தெருவில் இல்லை.

அரை நூற்றாண்டுக்குப்பின் வந்த சமயத்தொண்டர்கள் வரலாற்றிலும் இவ்வழுத்த வேறுபாடு தொடர்கிறது. 1706 சூலை 9இல் சீகன்பால்குவும் புளூட்சாவும் இங்குக் கரையிறங்கினர். சீகன்பால்கு திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு மணலில் எழுதித் தமிழ் கற்றதும், கோட்டையதிகாரியோடு ஏற்பட்ட பிணக்கால் நான்கு மாதம் டான்ஸ்போர்க்கில் சிறையிருந்ததும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சேற்றியதும் நன்கறியப்பட்டவை. தாள் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றில் காகித ஆலை நிறுவப்பட்டதும் இக்காலத்தில்தான். ஆயினும் தமிழாய்வுக்கு இவற்றினும் பயன்மிக்கவை, அவர் திரட்டிய ஓலைச்சுவடிகளின் 1708ஆம் ஆண்டு விளக்கப்பட்டியலும், தமிழர் எழுதிய மறுமொழிகளாக ஆலே நகரில் செருமன் மொழியில் வெளிவந்த 99 மடல்களுமே. சமயம், ஒழுக்கம், கல்வி குறித்துத் தமிழர் தம் நிலையை எடுத்துரைத்து ஐரோப்பியரோடு வாதிட்ட தொகுதி அது. அச்சகத்தின் பெருமையைப் பேசும் கட்டுரைகள் பல. அம்மடல்களின் கருத்துலகை ஆராய்ந்தவை மிகச் சில.

சுற்றுப்புறம்

தரங்கம்பாடியைத் தனித்துக் காண்பதும் இம்மயக்கத்துக்கு ஒரு காரணம். தெற்கே காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சியர். அதற்கப்பால் நாகப்பட்டினத்தில் போர்த்துக்கேயர், 1658 முதல் ஒல்லாந்தர். ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் கரையில் நான்கு ஐரோப்பிய அரசுகள் இடம் பிடித்தமைக்குக் காரணம் அவற்றின் துணிவு மட்டுமன்று. காவிரிக் கழிமுகத்தின் நெல்லும் துணியும், அவற்றைக் கடல்கடத்தி விற்ற பழைய வணிக வலைப்பின்னலுமே.

அப்பழமைக்குச் சான்று வடக்கே பூம்புகாரில் உள்ளது. கீழையூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கல் படகுத்துறையின் மரத்தூண் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தது என்பதைக் கரிமக் கணிப்பு காட்டியது. பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரையின் அடித்தளம் வெளிப்பட்டது. இடையிலுள்ள திருக்கடையூருக்கு மணிவிழாக் காண ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் கடற்கரையை அடைவதில்லை. கோட்டை காண வருவோர் திருக்கடையூரை அறிவதில்லை. ஒரே கரை, இரு வேறு பயணங்கள்.

விற்பனைக்குப் பின்

1845இல் டென்மார்க்கு அரசு தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றது. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தபின் வணிகம் அங்கே குவிந்தது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த தொடர்வண்டியும் 1986இல் நின்றுபோயிற்று. இன்று பயணியை ஈர்க்கும் அமைதி இப்புறக்கணிப்பின் விளைவே. வளர்ந்திருந்தால் பழைய தெருக்கள் எஞ்சியிரா.

கோயிலும் கடலும்

கடல் இவ்வூருக்குப் புதிய பகையன்று. 17, 18ஆம் நூற்றாண்டு நகர வரைபடங்களை இன்றைய கரையோடு ஒப்பிட்டால், கோட்டையின் கடற்புற அரண்களும் அவற்றை ஒட்டிய நிலமும் அலைக்கு இரையானமை தெரியும். மாசிலாமணிநாதர் கோயில் ஒருகாலத்தில் மதிலுக்கு உட்புறம், கரையிலிருந்து விலகியே நின்றது. பின்னர் அதன் முன்மண்டபப் பகுதிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் கருங்கல் தடுப்புகள் இடப்பட்டன. மீனவக் குடும்பங்கள் பல உட்புறக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்தன. அதே ஆண்டுகளில் கோட்டைப்பகுதியின் டேனியர் காலக் கட்டடங்கள் அயல்நாட்டு நிதியாலும் அறிஞர் துணையாலும் சீர்பெற்று, சில தங்கும் விடுதிகளாயின. சீரமைப்பு வரவேற்கத்தக்கதே, அது தேர்ந்துகொண்ட காலப்பகுதிதான் கேள்விக்குரியது.

கற்றடுப்பு கோயிலின் எஞ்சிய பகுதியைக் காக்கிறது. ஆனால் தடுப்பின் முடிவில் அரிப்பு மிகுவது கடலியலார் நன்கறிந்த விளைவு; கட்டுமரம் ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் மீனவருக்கு வேண்டிய மணற்பரப்பு அதனால் சுருங்குகிறது. சரிந்த மண்டபக் கற்களுள் சில இன்றும் அலைகளுக்கிடையே கிடக்கின்றன. அவற்றில் எழுத்துப் பொறிப்பு உண்டா என்பதை நீர்வற்றிய பொழுதுகளில் முறையாகப் பார்த்துப் படியெடுத்தல் கல்வெட்டாய்வாளர்முன் உள்ள உடனடிப் பணி. சடங்கன்பாடி என்னும் பெயரைத் தாங்கிய கல் நிலத்தில் நின்றதால் பிழைத்தது. நீரில் கிடப்பவற்றுக்கு அவ்வாய்ப்பு பல பருவங்கள் நீடிக்காது.