வள்ளி திருமணம் (கொங்கு நாட்டு வழக்கு)

வள்ளி திருமணம் என்பது, முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் மாறி மாறி வந்து, மான் வயிற்றில் பிறந்த குறமகள் வள்ளியைக் காதலித்துக் கைப்பிடித்த கதை. உருமாறுகிறவன் காதலன் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. வள்ளியும் ஓர் உருவை விட்டு இன்னோர் உருவில் வந்தவளே. அவளுக்கு அது நினைவில்லை, அவ்வளவுதான். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதிகளும் பழனிச் சுற்றுப்புறமும் சேர்ந்த கொங்கு நாட்டில் இந்தக் கதையைப் படிப்பவர்களைவிட ஆடுகிறவர்கள் அதிகம். வள்ளி கும்மி, வள்ளி ஒயில் கும்மி என்ற பெயர்களில் ஊர்க் கோயில் திடல்களில் அது ஆடப்படுகிறது.

நூல்களில்

முருகனோடு கூடி நடந்த வள்ளியைச் சங்க இலக்கியத்தில் நற்றிணையின் 82ஆம் பாடல் உவமையாகச் சொல்கிறது. உவமையாகச் சொல்ல வேண்டுமானால் கேட்பவருக்குக் கதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். பரிபாடலின் 9ஆம் பாடலில் முருகனின் மற்றொரு மனைவியான தேவசேனைக்கும் (தெய்வயானை) வள்ளிக்கும் பிணக்கு வருகிறது; அங்கே வள்ளியின் பக்கம் நிற்பது களவுக் காதல். உருமாற்றங்களெல்லாம் கோவையாக, விரிவாகக் கிடைப்பது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில். காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகரான அவர், 6 காண்டங்களில் 10,000க்கு மேற்பட்ட பாடல்கள் பாடி, சூரபன்மன் போரையும் தக்கன் வேள்வியையும் சொல்லி முடித்து, கடைசிப் படலமாக வள்ளி திருமணத்தை வைத்தார். அவ்வளவு பெரிய போர்க் காவியம் ஒரு தினைப்புனத்தில் வந்து முடிகிறது.

கதை

திருமாலின் மகள்கள் அமுதவல்லி, சுந்தரவல்லி. இருவரும் முருகனை மணக்கத் தவம் செய்கிறார்கள். அமுதவல்லி இந்திரனிடம் போய்ச் சேர்ந்து, ஐராவத யானை வளர்த்ததால் தெய்வயானை ஆகிறாள். சுந்தரவல்லிக்கு நீண்ட வழி. வள்ளிமலையில் (இன்றைய வேலூர் மாவட்டம், காட்பாடி வட்டம்) சிவமுனி என்னும் தவசியாகத் திருமாலும், பெண்மானாகத் திருமகளும் திரிகிறார்கள். முனிவரின் பார்வை பட்டதும் மான் சூல் கொள்ள, அந்தக் கருவில் சுந்தரவல்லி வந்து சேர்கிறாள். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குட்டியை ஈன்ற மான், பிறந்தது மனிதக் குழந்தையாக இருக்கக் கண்டு மிரண்டு ஓடிவிடுகிறது. வேடர் தலைவன் நம்பி குழந்தையை எடுத்து வளர்க்கிறான். கிழங்குக் குழியில் கிடைத்ததால் வள்ளி.

பன்னிரண்டு வயதில் அவளைத் தினைக் காவலுக்குப் பரண் ஏற்றுகிறார்கள். ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுவதும் கவண் வீசுவதும் வேலை. நாரதர் தணிகைக்குப் போய் முருகனிடம் சேதி சொல்ல, வேடன் உருவில் முருகன் வருகிறான். பேச்சுக் கொடுக்கிறான். பாதிப் பேச்சில் நம்பி கூட்டத்தோடு வந்துவிட, வேடன் சட்டென்று வேங்கை மரமாகிறான். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று வேடர்கள் வெட்டப் பார்க்கிறார்கள். மகளுக்கு நிழலாகவும் துணையாகவும் இருக்கட்டும் என்று தடுத்துவிடுகிறான் நம்பி. கட்டிக்கொள்ளப் போகிறவனைத் தெரியாமலே மகளுக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிற தகப்பன். கும்மித் திடலில் இந்த இடத்துக்குச் சிரிப்பு எழாமல் இருப்பதில்லை.

அடுத்த முறை தாடி நரைத்த சிவனடியார். பசி என்கிறார், தேனும் தினைமாவும் கிடைக்கிறது. விக்கல் என்கிறார், சுனைக்குக் கூட்டிப் போகிறாள். தாகம் தீர்ந்ததும் கிழவர் மோகம் தீர்க்கச் சொல்ல, வள்ளி சீறுகிறாள். முருகன் அண்ணனை நினைக்கிறான். விநாயகர் மத யானையாய் எதிரே வர, பயந்த வள்ளி கிழவரையே கட்டிக்கொள்கிறாள். அதன் பிறகுதான் ஆறு முகமும் பன்னிரு தோளும் தெரிகின்றன. இன்றைய கண்ணுக்கு இந்த யானைக் காட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். மிரட்டி அணைக்க வைப்பது காதலா என்ற கேள்வியைப் புராணம் எழுப்பவில்லை. ஆனால் அதற்கு முன்பே வாய்விட்டு மறுக்கிற உரிமையை வள்ளிக்குக் கொடுத்திருக்கிறது.

பிறகு தோழியின் துணையோடு நள்ளிரவில் உடன்போக்கு. துரத்தி வந்த வேடர்கள் சேவல் கூவிய கூவலில் விழுந்து மடிகிறார்கள். அந்தச் சேவல் யார்? மாமரமாய் நின்று, வேலால் பிளக்கப்பட்டு, ஒரு பாதி மயிலும் மறு பாதி சேவலுமான சூரபன்மன்தான். உருமாறி வந்த மாப்பிள்ளைக்கு உருமாறிய பகைவனே காவல். வள்ளி தொட்டெழுப்ப வேடர்கள் உயிர் பெறுகிறார்கள். ஊரறியத் திருமணம் நடக்கிறது. அங்கிருந்து தணிகை.

உருவங்களும் நிலமும்

உலகத்துக் கதைகளில் உருமாறி வரும் காதலர்களுக்குப் பஞ்சமில்லை. கிரேக்கத்துச் சீயஸ் காளையாகவும் அன்னமாகவும் வந்து ஏய்ப்பவன். காரியம் முடிந்ததும் போய்விடுவான். கொங்கு நாட்டுக்குப் பக்கத்திலேயே, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால், ஒடியன் கதைகள் உண்டு. இருட்டில் மாடாகவும் நாயாகவும் மாறி ஆளை அடிப்பவன் ஒடியன். கணவாய்க்கு அந்தப் பக்கம் உருமாற்றம் அச்சமென்றால், இந்தப் பக்கம் அது பெண் பார்க்கும் படலம்.

கதை நடந்ததாகச் சொல்லப்படும் வள்ளிமலை தொண்டை நாட்டில் இருக்கிறது. இருந்தும் கொங்கு மக்கள் இதைத் தங்கள் கதையாக வைத்துக்கொண்டதற்குக் காரணம், அதில் வரும் உருவங்கள் எல்லாம் அவர்கள் அன்றாடம் பார்ப்பவை என்பதாகத்தான் இருக்க வேண்டும். வேங்கை மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம். கீறினால் இரத்தம்போல் சிவந்த பிசின் வடியும். அதன் கட்டையில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று இன்றும் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. வேங்கை என்றால் புலியும்தான். பாறை மேல் உதிர்ந்து கிடக்கும் வேங்கைப் பூவைப் பார்த்துப் புலியென்று யானை மருளுவது சங்கப் பாடல்களில் அடிக்கடி வரும் காட்சி. அது பூத்தால் தினை முற்றிவிட்டது, கல்யாணக் காலம் வந்துவிட்டது என்று பொருள். தலையில் காலண்டரைச் சுமந்து நிற்கும் அந்த மரத்தின் உருவை முருகன் எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது.

யானையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தடாகம், தொண்டாமுத்தூர், பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம் அடிவாரங்களில் வாழைக்கும் மக்காச்சோளத்துக்கும் இராக் காவல் இருப்பவருக்கு யானை என்பது புராணமில்லை. டார்ச் லைட்டும் பட்டாசும் வைத்துக்கொண்டு விடியும்வரை பரணில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோயில் யானைகளுக்கு அரசு நடத்திய 48 நாள் புத்துணர்வு முகாம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில்தான் பல ஆண்டுகள் நடந்தது. முகாமின் வாசனைக்குக் காட்டு யானைகளும் வந்து எட்டிப் பார்த்தன. இந்த ஊர்க்காரர்களிடம் ‘யானை வந்தது, வள்ளி பயந்தாள்’ என்று பாடினால் விளக்கவுரை தேவைப்படாது.

வள்ளி கும்மி

வாத்தியார் ஒருவர் ஊருக்கு வந்து, வேலையும் பள்ளியும் முடிந்த மாலை நேரங்களில் மாதக்கணக்கில் பழக்குகிறார். பாடல் வரியை அவர் எடுத்துக் கொடுக்க, வரிசையாகவோ வட்டமாகவோ நிற்பவர்கள் திருப்பிப் பாடியபடி அடி வைக்கிறார்கள். குனிந்து முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு, நிமிர்ந்து மார்புக்கு நேரே ஒரு தட்டு, பக்கத்தில் திரும்பி இன்னொன்று. பறை, ஜமாப், உடுக்கை என வாத்தியம் குழுவுக்குக் குழு மாறும். ஆட்டம் தேறியதும் ஊர்க் கோயில் முன்னால் அரங்கேற்றம். ஒரே நிறச் சேலையும் காலில் சலங்கையுமாகப் பத்து வயதுப் பிள்ளையும் ஐம்பது வயதுப் பாட்டியும் அடுத்தடுத்து நிற்பார்கள். மைக் விட்டு விட்டு இரையும். புழுதி கணுக்கால் வரை ஏறியிருக்கும். அடி தப்பிய சிறுமி பக்கத்து அக்காளின் காலைப் பார்த்துப் பார்த்து மறுபடி தாளத்தில் சேர்ந்துகொள்வாள்.

இதில் வள்ளி வேடம், முருகன் வேடம் என்று தனியே எவரும் நிற்க வேண்டியதில்லை. ஒரு பாட்டில் நூறு பேரும் வள்ளி, அடுத்த பாட்டில் நூறு பேரும் வேடன், அதற்கடுத்து நூறு பேரும் கிழவர். உருமாற்றக் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கலை வடிவம் தோன்றவில்லை.

முன்பு இது பெரும்பாலும் ஆண்களின் ஆட்டம். பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து ஆட வைத்தவர்களில் முதன்மையானவராகப் போற்றப்படுபவர் மேட்டுப்பாளையம் வட்டாரத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன். 2024இல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் பெருந்துறையில் நடந்த ஒரு கட்சி மாநாட்டில் சுமார் 16,000 பெண்கள் ஒன்றாகக் கும்மியடித்தது செய்தியானது.

கூட்டம் சேர்ந்த இடத்தில் வேறொன்றும் சேர்ந்தது. சில மேடைகளில் சாதிப் பெருமைப் பாடல்கள் நுழைந்தன. சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வோம் என்று பெண்களைச் சபதம் எடுக்க வைத்ததும் சர்ச்சையானது. வீட்டுக்குத் தெரியாமல் இரவோடு இரவாக வேற்றாளோடு புறப்பட்டுப் போன ஒரு குறப்பெண்ணின் கதையை ஆடி முடித்த மேடையில் அந்தச் சபதம் எப்படிப் பொருந்துகிறதோ!

நாடகமும் திரையும்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், ஸ்பெஷல் நாடக மேடைகளில் நிலைத்துவிட்டது. அங்கே நாரதருக்கும் வள்ளிக்கும், வேடனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கமே உயிர். வாய் வல்லமையுள்ள நடிகர்கள் அமைந்தால் மணிக்கணக்கில் நீளும். கதை நகராவிட்டாலும் பார்ப்பவர்கள் எழுந்து போவதில்லை.

சினிமாவுக்கு இதைக் கொண்டு போனதில் கோவைக்குப் பங்கு உண்டு. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. படம் காட்டியவர் படம் எடுக்கவும் துணிந்தபோது, கல்கத்தாவின் பயனியர் கம்பெனியோடு சேர்ந்து 1933இல் கொண்டுவந்தது வள்ளி திருமணம்தான். டி.பி.ராஜலட்சுமி வள்ளி, படம் ஓடியது. 1945இல் ஏவி.எம். தயாரித்த ஸ்ரீவள்ளியில் டி.ஆர்.மகாலிங்கத்தோடு ருக்மணி நடித்தார். பாட்டுக் குரல் பி.ஏ.பெரியநாயகியுடையது. ஆளொன்று, குரலொன்று. வள்ளி கதைக்கு அது ஒன்றும் புதிதல்ல.

பிற வழக்குகள்

கன்னியாகுமரி மாவட்டம் வேளிமலைக் குமாரகோவிலில் பங்குனித் திருக்கல்யாணத்தின்போது குறவர் படுகளம் நிகழ்த்துகிறார்கள். இலங்கைக் கதிர்காமத்தில் வள்ளி வேடுவர் குலப் பெண். ஆடித் திருவிழாவில் கதிர்காமத்துப் பெரிய கோயிலிலிருந்து ஊர்வலம் வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்வருகிறது.

கொங்கு நாட்டுக்குள் இக்கதையின் முதல் பகுதிக்கு இடம் தருவது ஈரோடு மாவட்டச் சென்னிமலை. அமுதவல்லியும் சுந்தரவல்லியும் தவம் செய்தது இங்கேதான் என்பது அவ்வூர் நம்பிக்கை. 1,320 படி ஏறி முருகனைக் கும்பிட்டு முடித்தவர்கள் கீழே இறங்கிவிடுவதில்லை. சன்னிதிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் படி ஏற வேண்டும். அங்கே ஒரு தனிக் கோயில். யானை வளர்த்தவளும் மான் ஈன்றவளுமாகப் பிரிந்து போவதற்கு முன் அக்காள் தங்கையாக இருந்த இருவரும், ஒரே கல்லில் வடித்த சிலையாக அடுத்தடுத்து நிற்கிறார்கள்.